சிறுநீர் கறுத்தால் பம்பின் வாயைப் பாருங்கள்: தற்காலிக இதயப் பம்புகளில் இரத்தச் சிதைவைக் கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

தற்காலிக இதயப் பம்பு பொருத்தப்பட்ட நோயாளிக்கு இரத்தம் சிதைகிறது என்று சந்தேகம் வந்ததும், பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், எண் வரும்வரை காத்திருப்பார்கள், எண் கூடியிருந்தால் மறுபடி அனுப்புவார்கள். எண் வேண்டியதுதான். ஆனால் அது நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறது. அது வந்து சேரும் நேரத்துக்குள் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

படுக்கையருகே நிற்கும் தீவிர சிகிச்சை மருத்துவர்கள், செவிலியர்கள், பெர்ஃபியூஷன் தொழில்நுட்பர்கள் (பம்புச் சுற்றை இயக்குபவர்கள்) ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிரிவின் நெறிமுறையும் பம்பு தயாரிப்பாளரின் கையேடும் வேறாகச் சொன்னால் அவற்றையே பின்பற்றுங்கள். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: இரத்தச் சிதைவு பெரும்பாலும் பம்பின் நுழைவாயிலில் தொடங்கும் பிரச்சினை. பம்பு கேட்கும் அளவு இரத்தம் அதன் வாய்க்கு ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்வியில் தொடங்கினால், பல சிக்கல்கள் அங்கேயே பிடிபடும்.

எந்தப் பம்பு என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். இம்பெல்லா போன்ற நுண் அச்சுப் பம்பு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் நுழைவாயில் இடது கீழறையிலும், வெளிவாயில் மகாதமனியிலும் அமையும். இம்பெல்லா சிபி நிமிடத்துக்கு 46,000 சுழற்சிகள் வரை ஓடக்கூடியது. எக்மோ என்பது இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் சுற்று; அதன் மையவிலக்குப் பம்பு உடலுக்கு வெளியே, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுழற்சிகளில் ஓடுகிறது. இரண்டிலும் சிவப்பணுவை உடைப்பது சறுக்கு விசைதான், அதாவது அடுத்தடுத்த இரத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது எழும் இழுவிசை. சிவப்பணு தாங்கும் எல்லையாகப் பாடநூல்கள் 150 பாஸ்கல் அளவைச் சொல்கின்றன. ஆனால் விசையின் அளவோடு அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மகாதமனிக்குள் ஊதிச் சுருங்கும் அயோர்டிக் பலூன் பம்பில் சுழலும் சக்கரமே இல்லை. எனவே அந்த நோயாளிக்குச் சிறுநீர் கறுத்தால் பலூனைச் சந்தேகிப்பதற்கு முன் வேறு காரணங்களைத் தேடுங்கள்.

அறிகுறி: சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறுகிறது

முதலில் இது சிதைவுதானா என்பதை உறுதி செய்ய வேண்டும். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் இரத்தம் இருப்பதாகக் காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இல்லாவிட்டால், நிறம் ஹீமோகுளோபினாலோ மயோகுளோபினாலோ வந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரத்தக் குழாயை மைய விலக்கியில் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிவப்பணு சிதைந்திருந்தால் பிளாஸ்மா இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். மயோகுளோபின் சிறிய மூலக்கூறு, சிறுநீரில் விரைவாக வெளியேறிவிடும். அதனால் தசை சிதைந்த நோயாளியின் பிளாஸ்மா வழக்கமான மஞ்சள் நிறத்திலேயே இருக்கும். தொடைத் தமனியில் பெரிய கேனுலா (இரத்தம் போய்வரும் குழாய்) இருக்கும் நோயாளிக்குக் காலில் இரத்த ஓட்டம் குறைந்து தசை சிதைவது அரிதல்ல. ஆகவே தசை சிதைந்தால் கூடும் கிரியேட்டின் கைனேஸையும் சேர்த்து அனுப்புங்கள், காலையும் தொட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொறி ஹைட்ராக்ஸோகோபாலமின். இரத்தக் குழாய்கள் தளர்ந்த அதிர்ச்சிக்கு அந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் பிளாஸ்மாவும் சிறுநீரும் சிவந்துவிடும், நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகள் குழம்பும். மருந்துப் பட்டியலைப் புரட்ட ஒரு நிமிடம் போதும்.

மாதிரி எடுக்கும்போதே அணுக்கள் உடைந்திருக்கவும் வாய்ப்புண்டு. மெல்லிய ஊசி வழியே பலமாக இழுத்தாலும், காற்றழுத்தக் குழாயில் ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் உடையும். ஒரு மாதிரியில் மட்டும் பொட்டாசியம் திடீரெனக் கூடியிருந்து, நோயாளி நன்றாகவே இருந்தால், தமனிக் குழாயிலிருந்து மெதுவாக எடுத்துக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது மாதிரியும் சிவந்திருந்தால் அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை.

எண்களில் நம்பத்தக்கது பிளாஸ்மாவில் உள்ள கட்டற்ற ஹீமோகுளோபின். இம்பெல்லாவில் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் சிதைவு என்று பல பிரிவுகள் கொள்கின்றன. எக்மோவில் 50-ஐத் தாண்டுவது வழக்கமான எச்சரிக்கைக் கோடு. அணுக்கள் உடையும்போது வெளியேறும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் இயல்பு உச்சத்தின் இரண்டரை மடங்கைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் மாரடைப்பும் அதிர்ச்சியால் கல்லீரல் அடிபடுவதும் அதே எண்ணை ஏற்றிவிடும். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். கட்டற்ற ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஹாப்டோகுளோபின் காணாமல் போயிருந்தால் சிதைவு நடக்கிறது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது, ஏனென்றால் சிறிய சிதைவே அதைத் தீர்த்துவிடும். முழு இரத்த எண்ணிக்கை அறிக்கையில் சிவப்பணு ஹீமோகுளோபின் செறிவு இயல்புக்கு மேல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருவி பிளாஸ்மாவில் கலந்த ஹீமோகுளோபினையும் அணுவுக்குள் இருப்பதாகக் கணக்கிடுவதால் அப்படி வரும். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தடயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

இரத்தம் ஏற்றியதற்குப் பிறகு தொடங்கிய சிதைவு என்றால் பம்பைத் தொடுவதற்கு முன் இரத்த வகைப் பொருத்தத்தைச் சரிபாருங்கள்.

அறிகுறி: இம்பெல்லா திரையில் உறிஞ்சல் எச்சரிக்கை, ஓட்டம் குறைகிறது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். பம்பு வேகத்தை (அதன் படிகள் பி-0, பி-1, பி-2 என்று குறிக்கப்படும்) ஒன்று அல்லது இரண்டு படிகள் குறைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த முதல் நடவடிக்கை. அதைச் செய்துவிட்டு எச்சரிக்கை அடங்கிவிட்டது என்று திரும்பிப் போவதுதான் பிழை. வேகத்தைக் குறைத்தது நேரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. கிணறு வற்றிய பிறகும் ஓடும் மோட்டாரை நிறுத்தினால் மோட்டார் பிழைக்கும், தண்ணீர் வந்துவிடாது. வேகத்தைக் கூட்டி ஓட்டத்தை மீட்க முயல்வது அதைவிட மோசம்: வாயிலில் எதிர்மறை அழுத்தம் கூடும், கீழறைச் சுவர் வாயில் ஒட்டிக்கொள்ளும், சிதைவு பன்மடங்காகும்.

மைய நாள அழுத்தத்தையும் நுரையீரல் தமனி அழுத்தத்தையும் ஒருசேரப் பாருங்கள். இரண்டும் தாழ்ந்திருந்தால் திரவம் போதவில்லை, அல்லது எங்கோ இரத்தம் கசிகிறது. வயிற்றின் பின்புறம் சேரும் இரத்தம் வெளியே தெரியாது. இடுப்புத் துளையின் பக்கம் வலி, ஹீமோகுளோபின் சரிவு இரண்டும் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். மைய நாள அழுத்தம் ஏறி, நுரையீரல் தமனியின் துடிப்பு சுருங்கியிருந்தால் வலது இதயம் தோற்றுக்கொண்டிருக்கிறது. நுரையீரல் தமனியின் மேல் அழுத்தத்திலிருந்து கீழ் அழுத்தத்தைக் கழித்து, வலது மேலறை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 1-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சந்தேகம் உறுதிப்படும். வலது பக்கம் அனுப்பாததை இடது பக்கப் பம்பு எங்கிருந்து எடுக்கும்? இந்த நோயாளிக்குத் திரவம் ஊற்றுவது வலது இதயத்தை மேலும் வீங்கச் செய்யும். வலது இதயத்தின் சுருக்கத்தைக் கூட்டும் மருந்து, நுரையீரல் குழாய்களைத் தளர்த்துவது, தாளக்கோளாறைச் சரிசெய்வது, தேவைப்பட்டால் வலது பக்கத்துக்கே ஒரு பம்பு என்றுதான் வழி போகும்.

இரண்டு அழுத்தங்களும் பரவாயில்லை என்றால், சந்தேகம் பம்பின் இடத்தின் மேல் விழுகிறது. எக்கோவை (இதய அல்ட்ராசவுண்டை) வரவழையுங்கள். சிபி வகையில் நுழைவாயில் அயோர்டிக் வால்வின் வளையத்துக்குக் கீழே சுமார் 3.5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். பெரிய பம்பான 5.5 வகையில் சுமார் 5 சென்டிமீட்டர். அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, வாயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரிய வேண்டும். மைட்ரல் வால்வின் நாண்களிலோ, தசைக் காம்பிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் கன்சோல் "இடம் சரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், சிறுநீர் மட்டும் கறுத்துக்கொண்டிருக்கும். புதிதாக மைட்ரல் கசிவு தெரிந்தால் அதுவும் இதே திசையில் கைகாட்டுகிறது.

திரையின் அலைகள் உதவும், ஆனால் ஏமாற்றவும் கூடும். இடம் சரியாக இருக்கும்போது இட அலை (பம்பு இருக்கும் இடத்தின் அழுத்தத்தைக் காட்டும் கோடு) மகாதமனி வடிவில் இருக்கும், மோட்டார் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும். பம்பு முழுவதும் கீழறைக்குள் விழுந்துவிட்டாலோ முழுவதும் மகாதமனிக்கு வந்துவிட்டாலோ மோட்டார் அலை தட்டையாகும். முதலாவதில் இட அலை கீழறை வடிவம், இரண்டாவதில் மகாதமனி வடிவம். நோயாளியின் இதயம் ஏறக்குறைய அசையாமல் கிடந்தாலும் மோட்டார் அலை தட்டையாகத்தான் இருக்கும். ஆகவே தட்டையான அலையைக் கண்டதும் குழாயைப் பிடித்து இழுப்பது கூடாது.

இடம் மாற்றும் வேலையை எக்கோ பார்த்துக்கொண்டே, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். வேகத்தைப் பி-2-க்கு இறக்குங்கள். பி-0-வில் விடாதீர்கள், நின்ற பம்பின் வழியே இரத்தம் மகாதமனியிலிருந்து கீழறைக்குத் திரும்பி வழியும். குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகுவால்வைத் தளர்த்தி, தளர்வாகக் கிடக்கும் நீளத்தை முதலில் எடுத்துவிட்டு, சிறிது சிறிதாக நகர்த்துங்கள். வால்வை மறுபடி இறுக்கி, தோலருகே உள்ள சென்டிமீட்டர் குறியைத் தாளில் எழுதுங்கள். பிறகு வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். வேகம் ஏறும்போது குழாய் உள்நோக்கி நகர்வதுண்டு. எனவே இறுதி வேகத்தில் இன்னொரு முறை எக்கோ பார்க்காமல் மருத்துவரை அனுப்பிவிடாதீர்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த பிறகு சிதைவு தொடங்கினால், அந்தக் குறியைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

எக்மோவும் இம்பெல்லாவும் சேர்ந்து ஓடும் நோயாளியிடம் இன்னொரு கணக்கு உண்டு. எக்மோ வலது பக்கத்திலிருந்தே இரத்தத்தை எடுத்துவிடுவதால் இடது கீழறைக்கு வருவது குறைவு. அங்கே இம்பெல்லாவின் வேலை கீழறையை வடியச் செய்வது மட்டுமே. அதைத் தாழ்ந்த வேகத்தில் வைத்திருப்பதே போதுமானது.

அறிகுறி: எக்மோவின் நாளக் குழாய் துடிக்கிறது, அதிர்கிறது

குழாயில் கை வைத்தால் தெரியும். பம்புக்குப் போகும் குழாய் ஒரு துள்ளலோடு அதிரும், ஓட்டம் ஏறி இறங்கும், நுழைவு அழுத்தம் பாய்ந்து பாய்ந்து எதிர்மறையாகும். பல பிரிவுகள் அந்த அழுத்தத்தை மைனஸ் 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு அப்பால் போகவிடுவதில்லை. நல்ல பழக்கம். இழுவை மிகக் கூடினால் இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழாக வெளியேறும், அந்தக் குமிழ்கள் வெடிக்கும் இடத்தில் அணுக்கள் உடையும்.

சுழற்சியைச் சிறிது சிறிதாக இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிர்வு நின்றதும் ஓட்டம் முன்பைவிடக் கூடும். சுழற்சி கூடினால் ஓட்டம் கூடும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது. அதன்பின் காரணத்தைத் தேடுங்கள்: குழாய் எங்கேனும் மடிந்திருக்கிறதா, கேனுலா நகர்ந்திருக்கிறதா, நோயாளி இருமுகிறாரா, திரவம் குறைவா, நெஞ்சில் காற்று அடைத்திருக்கிறதா, இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருக்கிறதா, வயிற்றழுத்தம் ஏறியிருக்கிறதா. கடைசி மூன்றில் திரவம் கொடுத்தால் சற்று நேரம் மட்டும் சரியாகும், பிறகு திரும்ப வரும். திரவம் இரண்டாம் முறையும் கேட்கப்படுகிறது என்றால் எக்கோவும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டிய நேரம் அது.

எல்லாம் சரியாக இருந்தும் வேண்டிய ஓட்டத்துக்கு மிகுந்த சுழற்சி தேவைப்பட்டால், கேனுலா நோயாளியின் தேவைக்குச் சிறியது. இன்னொரு நாளக் கேனுலா சேர்ப்பதா, இலக்கு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதா என்று அன்றே பேசுங்கள்.

அறிகுறி: அதிர்வும் இல்லை, உறிஞ்சலும் இல்லை, எண் மட்டும் திடீரெனத் தாவுகிறது

பம்புக்குள் இரத்தக் கட்டி என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். நேற்று வரை அமைதியாக இருந்த கட்டற்ற ஹீமோகுளோபின் சில மணி நேரங்களில் பல மடங்கானால், நுழைவாயிலைவிடப் பம்பின் வயிறே குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எக்மோவில் காதைப் பம்புத் தலையருகே கொண்டுபோங்கள். சீரான ரீங்காரத்துக்கு நடுவே உரசலோ கரகரப்போ கேட்கிறதா? டார்ச் வெளிச்சத்தில் தலையின் அடியையும் அச்சையும் பாருங்கள். அச்சில் ஊன்றிச் சுழலும் பம்புகளில் அந்த ஊன்றுபுள்ளி சூடாகும், அங்கேதான் கட்டி பிறக்கும். காந்தத்தில் மிதக்கும் சக்கரங்களில் இது குறைவு, இல்லாமல் இல்லை. ஆக்சிஜனேட்டரின் இரு பக்க அழுத்த வேறுபாடு ஏறுகிறதா, டி-டைமர் (இரத்தக் கட்டி சிதைவதன் தடயம்) ஏறி ஃபைப்ரினோஜன் (உறைதல் புரதம்) இறங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பம்புத் தலையில் கட்டி என்று முடிவானால் தலையையோ முழுச் சுற்றையோ மாற்றுவதுதான் தீர்வு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கூட்டிக் காத்திருப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன்: அந்தக் கட்டி கரைவதில்லை, பம்பு நின்றுபோனால் மாற்றும் வேலையை நெருக்கடியில் செய்ய வேண்டிவரும். மாற்றுச் சுற்றைத் தயார் நிலையில் வைத்து, ஆட்கள் நிறைந்த பகல் நேரத்தில் செய்துவிடுங்கள்.

இம்பெல்லாவில் காது உதவாது, பர்ஜ் எண்கள் உதவும். பர்ஜ் என்பது மோட்டாருக்குள் இரத்தம் புகாமல் தடுக்கச் செலுத்தப்படும் திரவம். பர்ஜ் அழுத்தம் வழக்கமாக 300 முதல் 1,100 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அழுத்தம் மெல்ல மேலேறி, பர்ஜ் ஓட்டம் குறைந்து, அதே வேகத்தில் மோட்டார் மின்னோட்டமும் ஏறினால் உள்ளே ஏதோ படிகிறது. குழாய் மடிப்பை மட்டும் முதலில் விலக்கிவிட்டு, இதயக் குழுவை அழையுங்கள்.

அறிகுறி: ஹெப்பாரினைக் கூட்டியும் ஆன்டி-எக்ஸ்ஏ ஏறவில்லை

இதை அறியாதவர்கள் பலர், ஆபத்தோ பெரிது. ஹெப்பாரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி-எக்ஸ்ஏ சோதனை நிறமாற்றத்தை அளந்து கணக்கிடுகிறது. பிளாஸ்மாவில் கட்டற்ற ஹீமோகுளோபினும் பிலிருபினும் கூடினால் அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். மருந்து போதவில்லை என்று எண்ணி ஹெப்பாரினை ஏற்றிக்கொண்டே போனால் நோயாளி மூளையில் இரத்தம் கசிந்து நிற்பார். சிதைவு நடக்கும் நோயாளிக்கு ஏபிடிடியையும் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) அனுப்புங்கள். ஒளியால் அளக்காமல் கட்டி உருவாவதை இயந்திர முறையில் கண்டறியும் கருவி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் அதில் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் முரண்பட்டால் ஆய்வகத்தோடு பேசாமல் அளவை மாற்றாதீர்கள். பர்ஜ் திரவத்தில் போகும் ஹெப்பாரினையும் கூட்டலில் சேர்க்க மறக்கக் கூடாது. கசிவு அபாயம் கூடிய நோயாளிக்குப் பர்ஜில் ஹெப்பாரினுக்குப் பதிலாகச் சோடியம் பைகார்பனேட் பயன்படுத்தும் வழி இருக்கிறது.

அறிகுறி: மூக்கிலும் குடலிலும் கசிவு, உறைதல் சோதனைகள் இயல்பு

சறுக்கு விசை சிவப்பணுவை மட்டும் தொடுவதில்லை. தட்டணுக்களை ஒட்டவைக்கும் வான் வில்பிராண்ட் காரணியின் நீண்ட சங்கிலிகளை விரித்துவிடுகிறது, ஆடம்டிஎஸ்-13 நொதி அவற்றை நறுக்கிவிடுகிறது. எக்மோ நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் நாளிலேயே இது வந்துவிடுகிறது. பம்பை எடுத்தால் விரைவில் மீளும். வழக்கமான உறைதல் சோதனைகள் இதைக் காட்டா. கசியும் இடத்தைக் கட்டுப்படுத்தி, உறைதல் எதிர்ப்பு இலக்கைத் தாழ்த்தி, சுழற்சியை முடிந்தவரை குறைப்பதே வேலை.

தட்டணுக்கள் சரிந்தால் பம்பின் மேல் பழி போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். ஹெப்பாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் எண்ணிக்கை பாதியாகிவிட்டால் ஹெப்பாரினால் வரும் தட்டணுக் குறைவுக்கான சோதனையை அனுப்ப வேண்டும். பலூன் பம்பிலும் தட்டணுக்கள் குறையும், அங்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அறிகுறி: சிறுநீர் குறைகிறது, கிரியேட்டினின் ஏறுகிறது

கட்டற்ற ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிக் குழாய்களைச் சுருக்குகிறது, சிறுநீரக நுண்குழல்களில் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. நுரையீரல் அழுத்தமும் ஏறக்கூடும், அது வலது இதயத்தைத் தளர்த்தும், தளர்ந்த வலது இதயம் மறுபடி உறிஞ்சலை உண்டாக்கும். இந்தச் சுழலை உடைக்கும் இடம் சிதைவின் காரணம்தான், டயாலிசிஸ் அல்ல. டயாலிசிஸ் தேவைப்படலாம், ஆனால் அதன் கழிவுத் திரவம் இளஞ்சிவப்பாகி, இரத்தக் கசிவு எச்சரிக்கை ஒலித்தால் வடிகட்டி கிழிந்துவிட்டது என்று உடனே மாற்றாதீர்கள். கசியும் ஹீமோகுளோபினே அப்படிக் காட்டலாம்.

2024-இல் வெளியான டேஞ்சர் ஷாக் ஆய்வு இதை நினைவில் வைக்கச் சொல்கிறது. மாரடைப்பால் வந்த இதய அதிர்ச்சியில் இம்பெல்லா சிபி பெற்றவர்களில் 180 நாட்களுக்குள் இறந்தோர் 45.8 சதவீதம், பெறாதவர்களில் 58.5 சதவீதம். அதே ஆய்வில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டோர் 41.9 சதவீதம், மற்ற பிரிவில் 26.7 சதவீதம். பம்பு உயிர் காக்கிறது. அதனால்தான் அதன் சேதத்தை மணிக்கணக்கில் கண்காணிப்பது நம் கடமையாகிறது.

எல்லாம் செய்தும் அடங்கவில்லை என்றால்

இடம் சரி, திரவம் சரி, வலது இதயம் சரி, கட்டி இல்லை, வேகமும் குறைத்தாயிற்று, இன்னும் சிதைகிறது என்றால் அந்தப் பம்பு அந்த நோயாளிக்குப் போதவில்லை. சிறிய பம்பை உச்ச வேகத்தில் நாள்கணக்கில் ஓட்டுவதைவிட, அக்குள் தமனி வழியே பொருத்தும் 5.5 போன்ற பெரிய பம்பைத் தாழ்ந்த சுழற்சியில் ஓட்டுவது அணுக்களுக்கு நல்லது. இதயம் மீண்டிருந்தால் எடுத்துவிடும் முயற்சியை முன்கூட்டித் தொடங்குங்கள்.

எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கட்டற்ற ஹீமோகுளோபினை மறுபடி அனுப்புங்கள். காரணம் நீங்கியிருந்தால் ஒரு நாளுக்குள் அது தெளிவாக இறங்கத் தொடங்கும். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் மெதுவாகத்தான் இறங்கும், ஹாப்டோகுளோபின் மீள இன்னும் நாளாகும். அவை பின்தங்குவதைப் பார்த்து, சரியாக ஓடும் பம்பை மறுபடி நகர்த்தாதீர்கள்.